கணக்கும் திறவுகோலும்

தோட்ட அலுவலகத்துக் கிராணியார் ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிச் செல்கிறார் என்று கொள்க. அவர் கையில் இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று அவருடைய தகரப் பெட்டியின் சாவி. மற்றொன்று தோட்டத்துப் பண்டசாலையின் சாவி. பெட்டிச் சாவியை அவர் தம்முடன் எடுத்துச் செல்வார். பண்டசாலைச் சாவியை அடுத்து வரும் கிராணியாரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வார். முன்னது ஆளுக்கு உரியது. பின்னது பதவிக்கு உரியது. இவ்வேறுபாட்டை எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்று பள்ளிகளும் சங்கங்களும் வாணிக நிலையங்களும் தங்கள் ஏடுகளையும் படங்களையும் இணையத்தளங்களையும் முகிற்கணிமை நிலையங்களில் வைத்துப் பேணுகின்றன. அங்கும் சாவிகள் உண்டு. ஆனால் கிராணியார் எளிதில் கண்ட அவ்வேறுபாடு அங்கே எளிதில் மறைந்துபோகிறது. காரணம் யாது? இரும்புச் சாவியைக் கொடுத்தவர் கையில் அது மீண்டும் இராது. கணினிச் சாவியோ ஒரு சொல். சொல்லைப் பிறருக்குக் கொடுத்த பின்னும் அது கொடுத்தவரிடமே இருக்கும். பெற்றவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தாலும் எவருக்கும் தெரியாது. ஆகவே முகில் நிலையத்தில் சாவியைக் கைமாற்றுதல் என்பது உண்மையில் சாவியைப் பெருக்குதலே ஆகும். இந்த ஓர் உண்மையை உணர்ந்தால், தனியாள் கணக்கும் குழுக் கணக்கும் எவ்வாறு அமைய வேண்டும் என்பது தானே விளங்கும்.

கணக்கு என்னும் சொல்

தமிழில் கணக்கு என்பது பொருள் வளம் மிக்க சொல். அஃது எண்ணுதலைக் குறிக்கும். வரவு செலவு ஏட்டைக் குறிக்கும். பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப் பெயரில் நூலைக் குறிக்கும். பண்டு ஆசிரியருக்குக் கணக்காயர் என்றும் பெயர் இருந்தது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயர் வழக்கைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர்.

கணினி உலகில் இச்சொல் புதியதொரு பொருளை ஏற்றது. ஒரு நிலையத்தில் ஒருவர் பெயரால் அமைந்த பதிவு, அப்பதிவின் வழியாக அவருக்குக் கிட்டும் உரிமை, அவ்வுரிமையைப் பயன்படுத்தியதற்காக அவர் செலுத்தும் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கணினிக் கணக்கு. ஒருவர் மட்டும் பயன்படுத்தும்வரை இம்மூன்றும் ஒன்றாய் ஒட்டிக் கிடப்பதால் தீங்கில்லை. பலர் கூடி ஒரு பணியைச் செய்யத் தொடங்கியதும் மூன்றையும் பிரித்தல் வேண்டும். செய்தவர் யார், செய்ய உரிமை உடையவர் யார், பணம் கட்டுபவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் தனித்தனி விடை வேண்டும். முகில் நிலையங்களின் கணக்கு அமைப்புகள் யாவும் இம்மூன்று விடைகளைப் பிரித்து எழுதுவதற்கான கருவிகளே.

முகில் என்பது யாது?

முகிற்கணிமை என்றதும் வானத்தில் மிதக்கும் ஏதோ ஒன்றை எண்ண வேண்டா. அது தரையில் நிற்கும் பெருங்கட்டடம். அதனுள் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றின் ஆற்றலையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு விடுவதே முகில் நிலையத்தின் தொழில். அமேசான் வெப் சர்வீசஸ் என்னும் நிலையம் 2006ஆம் ஆண்டு மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் இசி2 என்ற கணினி வாடகைச் சேவையையும் தொடங்கியது. 2010இல் சிங்கப்பூரிலும் 2024இல் மலேசியாவிலும் தன் கணினிக் கூடங்களைத் திறந்தது. இத்தொழிலில் உள்ள பிற நிலையங்களும் ஏறக்குறைய இதே முறையைப் பின்பற்றுவதால், இந்நிலையத்தின் கணக்கு அமைப்பை விளங்கிக்கொண்டால் மற்றவற்றையும் விளங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் இங்கே கருத்தில் கொள்ளுதல் நன்று. கல்லால் கட்டிய பண்டசாலையை அழிக்க நெடுநேரம் ஆகும், ஓசை எழும், அக்கம்பக்கத்தார் ஓடி வருவர். முகில் நிலையத்திலோ கட்டுப்பாட்டுப் பலகையின் முன் அமர்ந்து சில பொத்தான்களை அழுத்தினால் நூறு கணினிகள் தோன்றும். மீண்டும் சிலவற்றை அழுத்தினால் நூறும் மறையும். கட்டளையிடுபவர் உரிமையுடையவரா என்பதை நிலையம் ஒன்றைக் கொண்டே அறிகிறது. அதுவே கணக்கு. கணக்கைப் பற்றிய கவலை ஏன் இத்துணைப் பெரிது என்பதற்கு இதுவே விடை.

கடவுச்சொல் பிறந்த இடம்

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் முகில் நிலையங்களோடு தோன்றியதன்று. அமெரிக்காவில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு முறை செய்து காட்டப்பட்டது. சிடிஎஸ்எஸ் என்று பெயர் பெற்ற அம்முறையில், பெரியதொரு கணினியைப் பலர் தத்தம் தட்டச்சுப் பொறிகளின் முன் அமர்ந்து ஒரே வேளையில் பயன்படுத்த முடிந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் திறவாதிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு மறைச்சொல் கொடுக்கப்பட்டது. இன்று கடவுச்சொல் என வழங்குவது கணினிக்குள் இவ்வாறுதான் புகுந்தது.

அதே கணினியில் 1966ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு விபத்து இன்றளவும் பாடமாக விளங்குகிறது. அங்கிருந்த எழுத்துத் திருத்தும் நிரல், ஒரு கோப்பகத்தில் ஒரு வேளையில் ஒருவரே வேலை செய்வார் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது. தற்காலிகக் கோப்பு ஒன்றுக்கு அது எப்போதும் ஒரே பெயரைச் சூட்டும். நிருவாகிகள் மட்டும் பொதுவானதொரு கோப்பகத்தைப் பகிர்ந்துகொண்டனர். ஒரு நாள் நிருவாகி ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் மற்றொருவர் மறைச்சொற்களின் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதன்பின் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்பு அறிவிப்பாக எல்லாருடைய மறைச்சொற்களும் அச்சாகி வந்தன! 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற கோர்பட்டோ, தம் விருது உரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னார்.

இவ்விபத்தில் கள்வர் எவரும் இலர். தீய எண்ணமும் இல்லை. நம்பிக்கைக்கு உரிய இருவர், ஒருவருக்காக அமைந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வளவே. பகிர்ந்த இடத்தால் வரும் கேடு பகைவரால் மட்டும் வருவதன்று என்பது இதனால் பெறப்படும்.

வேர்ப் பயனர்

அமேசான் நிலையத்தில் ஒருவர் புதிதாகக் கணக்குத் திறக்கும்போது ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு கடவுச்சொல்லும் கொடுக்கிறார். கணக்குக்குப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. முகவரி கொடுத்தவருக்கு ரூட் என்று பெயர். தமிழில் வேர்ப் பயனர் எனலாம். மரத்துக்கு வேர் எத்தகையதோ கணக்குக்கு இவர் அத்தகையவர். எல்லாப் பொருளையும் இவர் ஆக்கலாம், அழிக்கலாம், கணக்கையே மூடலாம். மற்றப் பயனர்களுக்கு எழுதும் அனுமதிப் பத்திரங்கள் இவரைக் கட்டா.

ஊறு பெரும்பாலும் தொடங்கும் இடம் இதுதான். ஒரு சங்கம் தன் பழைய மாத இதழ்களைப் படமெடுத்து முகில் நிலையத்தில் வைக்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோர், அது பொதுவாக எவ்வாறு நடைபெறும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கணினி தெரிந்த உறுப்பினர் ஒருவர் ஆர்வத்தோடு முன்வருகிறார். தம் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துக் கணக்கைத் திறக்கிறார். தம் சொந்தக் கடன் அட்டையைக் கட்டணத்துக்குக் காட்டுகிறார். இரட்டைச் சரிபார்ப்புக்குத் தம் கைப்பேசியையே இணைக்கிறார். எல்லாம் நன்றாக நடக்கின்றன. மூன்றாண்டுகள் கழித்து அவர் வேறு நாட்டுக்குப் போகிறார், அல்லது நோய்வாய்ப்படுகிறார், அல்லது மறைந்துவிடுகிறார். கடன் அட்டை காலாவதியாகிறது. கட்டணம் கேட்டு வரும் மடல்கள் எவரும் திறவாத அஞ்சற்பெட்டியில் குவிகின்றன. கணக்கு முதலில் நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் மூடப்படும் நிலை வருகிறது. இதழ்கள் சங்கத்தின் சொத்து என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் நிலையத்தின் ஏட்டில் அவை ஒரு தனியாளின் முகவரியோடு பிணைக்கப்பட்டுள்ளன. பண்டசாலைச் சாவி, பெட்டிச் சாவியோடு சேர்ந்து ஊரைவிட்டே போய்விட்டது.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. வேர்ப் பயனரின் முகவரி, ஓர் ஆளின் சொந்த முகவரியாக இல்லாமல் குழுவின் முகவரியாக இருத்தல் வேண்டும். அம்முகவரிக்கு வரும் மடல் பொறுப்பாளர் சிலருக்கும் ஒருங்கே சென்றுசேர வேண்டும். அமேசான் நிலையமே இதனைப் பரிந்துரைக்கிறது. கடவுச்சொல் ஒருவரிடமும், இரட்டைச் சரிபார்ப்புக் கருவி மற்றொருவரிடமும் இருந்தால் இன்னும் நன்று. அப்போது இருவர் கூடினாலன்றி வேர் வாயில் திறவாது. கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு இட்டு இருவரிடம் சாவி கொடுக்கும் வழக்கத்தை இதற்கு ஒப்பிடலாம். வேர் வாயிலை நாள்தோறும் பயன்படுத்தலாகாது. வேறு எவ்வகையாலும் செய்ய இயலாத சில பணிகளுக்கு மட்டுமே அதைத் திறந்து, உடனே மூடிவிட வேண்டும்.

தனியாள் காக்க வேண்டியவை

வேர்ப் பயனரை ஒதுக்கி வைத்த பின், பணி செய்யும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பதிவு வேண்டும். இதற்கென ஐஏஎம் என்னும் அமைப்பை அந்நிலையம் 2010ஆம் ஆண்டில் சோதனை நிலையில் வெளியிட்டது. ஒருவருக்கு ஒரு பதிவு. ஒரு பதிவுக்கு ஒருவர். இந்த விதியில் விலக்கு இல்லை. தலைவரும் செயலாளரும் ஒரே பதிவைப் பயன்படுத்தினால், கோப்பை அழித்தவர் யார் என்ற வினாவுக்கு நிலையத்தின் பதிவேட்டில் விடை கிடைக்காது. குற்றம் செய்யாதவர் மீதும் ஐயம் விழும். தனிப்பதிவு என்பது பொதுச்சொத்துக்கு மட்டும் காவலன்று. நேர்மையாளரின் நற்பெயருக்கும் காவல்.

தனியாள் தம் பதிவில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது கடவுச்சொல். முன்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றுக என்று அலுவலகங்கள் கட்டாயப்படுத்தின. மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டனர், பாதுகாப்பு வளரவில்லை. ஆகவே, அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், சொல் வெளியானதற்குச் சான்று இருந்தாலன்றிக் காலந்தோறும் மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று கூறியது. நீண்டதாகவும், வேறு எங்கும் பயன்படுத்தாததாகவும் உள்ள சொல்லே சிறந்தது.

இரண்டாவது, இரட்டைச் சரிபார்ப்பு. கடவுச்சொல் ஒருவர் அறிந்த பொருள். அதனோடு அவர் கையில் வைத்திருக்கும் பொருள் ஒன்றும் சேர வேண்டும். கைப்பேசியில் தோன்றும் ஆறு இலக்க எண்ணைப் பலரும் கண்டிருப்பர். 2011ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பொதுவிதி ஒன்றின்படி அது கணிக்கப்படுகிறது. பதிவு செய்யும்போதே கைப்பேசிக்கும் நிலையத்துக்கும் பொதுவானதொரு மறைபொருள் பகிரப்படுகிறது. அம்மறைபொருளையும் அந்நேரத்தையும் சேர்த்து இருபுறமும் தனித்தனியே கணக்கிடுகின்றன. பெரும்பாலும் முப்பது நொடிக்கு ஒரு முறை எண் மாறும். விடை ஒத்தால் வாயில் திறக்கும். கைப்பேசி தொலைந்தால் என் செய்வது என்று வினவலாம். அமேசான் நிலையத்தில் ஒரு பயனர் எட்டுக் கருவிகள் வரை பதிவு செய்துகொள்ளலாம். ஆதலின் இரண்டாவது கருவி ஒன்றைப் பதிந்து பத்திரப்படுத்தி வைத்தல் அறிவுடைமை. வேர்ப் பயனருக்கு இச்சரிபார்ப்பை அந்நிலையம் 2024ஆம் ஆண்டு முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியது.

மூன்றாவது, நிரல்களுக்கான சாவி. மனிதர் கடவுச்சொல்லால் நுழைவது போல, அவர் எழுதிய நிரல்கள் நுழைவதற்கு நீண்ட எழுத்துக்கோவை ஒன்று வழங்கப்படும். ஒரு பயனருக்கு ஒரே வேளையில் இரண்டு சாவிகளுக்கு மேல் இரா. இரண்டு எதற்கு? பழையதை நீக்குமுன் புதியதைப் பொருத்தி, நிரல் சரிவர ஓடுகிறதா எனப் பார்ப்பதற்கு. வேர்ப் பயனருக்கு இத்தகைய சாவியே கூடாது என்பது அனைவரும் ஒப்பும் முடிபு.

குழுவுக்கு உரியவை

இனிக் குழு. ஐஏஎம் அமைப்பில் புதிதாகச் சேர்க்கப்படும் பயனருக்குத் தொடக்கத்தில் எந்த உரிமையும் இல்லை. ஒன்றையும் திறக்க இயலாது. ஒன்றையும் அழிக்க இயலாது. வேண்டிய உரிமைகளை அனுமதிப் பத்திரம் ஒன்றில் எழுதிக் கொடுத்தால்தான் அவர் செயற்பட முடியும். இப்பத்திரத்தை ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியே எழுதிக்கொண்டிருப்பது நல்ல முறையன்று. பதிப்பாளர், கணக்காளர், பராமரிப்பாளர் எனக் குழுக்களை முதலில் வகுத்து, பத்திரத்தைக் குழுவுக்கு எழுதி, ஆளைக் குழுவில் சேர்த்தல் வேண்டும். ஆள் மாறினாலும் பத்திரம் மாறாது. பதிப்பாளர் குழுவில் இருந்தவர் கணக்காளராகப் பொறுப்பேற்றால், ஒரு குழுவிலிருந்து எடுத்து மற்றொரு குழுவில் சேர்த்தால் போதும்.

பத்திரங்கள் பல சேர்ந்து முரண்படும்போது எது வெல்லும்? ஒரு பத்திரம் ஒரு செயலை அனுமதித்து, மற்றொன்று வெளிப்படையாகத் தடுத்தால், தடையே வெல்லும். இரண்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் அப்போதும் அனுமதி இல்லை. இவ்விரு விதிகளையும் நினைவில் இருத்தினால், எத்துணைச் சிக்கலான அமைப்பையும் படித்து அறியலாம்.

எவ்வளவு உரிமை கொடுப்பது என்பதற்கும் ஒரு நெறி உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975ஆம் ஆண்டில் கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதனை வகுத்துரைத்தனர். ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு நிரலும் தம் பணியை முடிக்க இன்றியமையாத உரிமைகளை மட்டும் கொண்டு இயங்க வேண்டும் என்பதே அந்நெறி. இது நம்பிக்கையின்மையால் எழுந்ததன்று. குறைந்த உரிமை உடையவர் தவறு செய்தால் சேதமும் குறைவு. அவருடைய சாவி களவு போனாலும் இழப்பும் குறைவு. இரண்டு சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும் பூட்டு, ஒரே சாவியால் திறக்கும் பூட்டினும் வலிது என்பதும் அக்கட்டுரை கூறும் நெறிகளுள் ஒன்று.

இக்கருத்தின் முதிர்ந்த வடிவமே பொறுப்பு என்னும் ஏற்பாடு. பொறுப்பு என்பது ஆளன்று. அதற்குக் கடவுச்சொல் இல்லை. பயனர் ஒருவர் வேண்டும்போது அப்பொறுப்பை ஏற்கிறார். நிலையம் அவருக்குத் தற்காலிகச் சாவி ஒன்றைத் தருகிறது. பொதுவாக ஒரு மணி நேரத்தில் அது தானே செல்லாததாகிவிடும். நீட்டித்தாலும் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. அவ்வாறு ஏற்றவர் இன்னார், ஏற்ற நேரம் இன்னது என்பது பதிவேட்டில் ஏறும். பதவி வேறு, பதவியில் இருப்பவர் வேறு என்னும் பழைய அறிவு, இங்கே கணினி விதியாகவே வடிவம் பெற்றுவிட்டது.

பன்னிரண்டு மணி நேரத்தில் அழிந்த நிறுவனம்

இவற்றையெல்லாம் சிறு நுணுக்கங்கள் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிகழ்ந்தது சான்று. கோட் ஸ்பேசஸ் என்பது நிரலர்கள் எழுதும் நிரல்களை வாங்கிப் பாதுகாத்துக் கொடுத்த ஒரு நிறுவனம். அது தன் கணினிகள் அனைத்தையும் அமேசான் நிலையத்தில் வாடகைக்கு எடுத்திருந்தது. ஜூன் 17ஆம் நாள் அதன் தளத்தின் மீது போலி வேண்டுகோள்கள் வெள்ளம்போல் குவிந்தன. அதே வேளையில், அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் எவரோ நுழைந்திருப்பது தெரிந்தது. நுழைந்தவர் பணம் கேட்டு அங்கேயே செய்தி விட்டிருந்தார்.

நிறுவனத்தார் விரைந்து கடவுச்சொற்களை மாற்றினர். ஆனால் உள்ளே நுழைந்தவர் அதனை எதிர்பார்த்தே வேறு நுழைவுப் பதிவுகளைப் படைத்து வைத்திருந்தார். முன்வாயிலைப் பூட்டியபோது அவர் பக்கவாயிலில் நின்றுகொண்டிருந்தார். தம்மை வெளியேற்றும் முயற்சியைக் கண்டதும் கண்ணிற்பட்டவற்றை எல்லாம் அழிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் கோப்புகளிலும் கணினி அமைப்புகளிலும் காப்புப் படிகளிலும் பெரும்பகுதி முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்தன. இழப்பை ஈடுசெய்ய இயலாத நிலையில், தொழிலைத் தொடர முடியாது என்று நிறுவனம் அறிவித்தது.

இங்கே காப்புப் படிகள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்தும் அவை காக்கவில்லை. மூலமும் படியும் ஒரே அதிகாரத்தின் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தமையே காரணம். பெட்டிக்குள் மாற்றுச் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டுவது போன்றதே அது. காப்புப் படி உண்மையிலேயே காப்பாக வேண்டுமாயின், அது வேறொரு கணக்கில், வேறு ஆட்களின் அதிகாரத்தில் இருத்தல் வேண்டும். ஓர் அமைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை வைத்திருப்பது வீண் தொல்லை என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சியே மறுமொழி.

சாவியை எழுதி வைத்த இடம்

மற்றொரு நிகழ்ச்சி 2016ஆம் ஆண்டில் நடந்தது. வாடகை வண்டிச் சேவை நடத்தும் ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் நிரல்களைக் கிட்ஹப் என்னும் தளத்தில் வைத்திருந்தனர். அந்நிரல்களில் அமேசான் நிலையத்துக்கான சாவி எழுதப்பட்டிருந்தது. நிரல்கள் இருந்த பகுதிக்குள் நுழைந்துவிட்ட வெளியார் அச்சாவியைக் கண்டெடுத்தனர். அதனைக் கொண்டு சேமிப்பிடத்தைத் திறந்தனர். உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் அவர்கள் கைக்குப் போயின. நிறுவனம் இதனை உடனே வெளியிடவில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் உலகுக்குத் தெரிந்தது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 14 கோடியே 80 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

கதவில் பூட்டு இருந்தது; பூட்டு வலிமையானதே. சாவியை மட்டும் மற்றொரு வீட்டின் அலமாரியில் எழுதி வைத்திருந்தனர். நிரலுக்குள் சாவியை எழுதலாகாது என்பதும், நெடுநாள் செல்லும் சாவியினும் சில மணியில் இறந்துபோகும் தற்காலிகச் சாவியே மேல் என்பதும் இதனால் விளங்கும்.

வருவோரும் போவோரும்

குழு என்பது நின்ற நீர் அன்று. வருவோரும் போவோரும் உடையது. புதியவர் வரும்போது கணக்கைத் திறந்துகொடுக்க எல்லாரும் நினைவு வைத்திருப்பர். அவருக்கு வேலை நடக்க வேண்டுமே! ஒருவர் விலகும்போது அவர் பதிவை மூடுவதுதான் மறந்துபோகும். மூடாவிட்டாலும் அன்றாட வேலை எதுவும் நிற்பதில்லையே. ஆகவே விலகும் நாளில் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதி வைத்தல் நன்று. அவர் கடவுச்சொல்லை முடக்குதல், சரிபார்ப்புக் கருவியை நீக்குதல், நிரற்சாவிகளைச் செல்லாததாக்குதல், குழுக்களிலிருந்து விடுவித்தல், அவர் அறிந்திருந்த பொதுச் சாவிகளை மாற்றுதல் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற வேண்டும். இவற்றை ஐயத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது. கிராணியாரிடம் பண்டசாலைச் சாவியைக் கேட்டு வாங்குவது அவரைத் திருடர் என்று சொல்வதாகுமா?

இடையிடையே சரிபார்க்க வேண்டியனவும் உண்டு. யார் எந்நேரத்தில் எக்கட்டளை இட்டார் என்பதைக் கிளவுட்டிரெயில் என்னும் சேவை பதிகிறது. தனியே ஏற்பாடு ஒன்றும் செய்யாவிட்டாலும் கடந்த 90 நாளின் நிருவாகக் கட்டளைகளை அதில் பார்க்கலாம். அதற்கு மேலும் வேண்டுவோர் தனியிடத்தில் சேமித்து வைக்க வேண்டும். கணக்கின் அமைப்புப் பக்கத்தில் கட்டணம், இயக்கம், பாதுகாப்பு என்னும் மூன்றுக்கும் தனித்தனித் தொடர்பாளரைக் குறிப்பிட இடம் உண்டு. அவ்விடங்களை வெறுமையாக விட்டால், அவசர மடல் வேர்ப் பயனரின் முகவரிக்கு மட்டுமே போகும். செலவு இவ்வளவைத் தாண்டினால் எச்சரிக்கை அனுப்புக என்று அமைத்து வைப்பது, கட்டணத்தைக் காப்பதோடு களவையும் காட்டிக்கொடுக்கும். திருடிய சாவியால் பிறர் கணினிகளை ஓட்டும்போது முதலில் ஏறுவது கட்டணமே.

கணக்கை மூடுவதிலும் நிதானம் வேண்டும். மூடிய நாளிலிருந்து 90 நாள் வரை அதை மீண்டும் திறக்க வாய்ப்பு உண்டு. அதன்பின் உள்ளிருந்த பொருள்கள் மீளா. ஆதலின் மூடுமுன் வேண்டியவற்றைப் படியெடுத்துக்கொள்ளுதல் கடமை.

ஆளும் பொறுப்பும்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குக. கடவுச்சொல், சரிபார்ப்புக் கருவி, நுழைவுப் பதிவு ஆகிய மூன்றும் ஆளுக்கு உரியவை. இவற்றை எவரிடமும் பகிரலாகாது. உடன்பிறந்தாராயினும், தலைவராயினும் கூடாது. வேர் முகவரி, குழு, அனுமதிப் பத்திரம், கட்டணம், காப்புப் படி ஆகியவை அமைப்புக்கு உரியவை. இவற்றை ஓர் ஆளோடு பிணைத்தலாகாது. அவர் எத்துணை நல்லவராயினும் கூடாது. முதல் வகையைப் பகிர்ந்தால் பொறுப்பு மறையும். இரண்டாம் வகையைத் தனியாளிடம் விட்டால் சொத்து மறையும்.

நல்ல குழு சாவியைக் கைமாற்றுவதில்லை, உரிமையைக் கைமாற்றுகிறது. பழையவரின் சாவி அவரோடு முடிந்துபோகும். புதியவருக்குப் புதுச்சாவி வெட்டப்படும். இருவர்க்கும் பொதுவாய் நின்ற பண்டசாலை மட்டும் அப்படியே நிற்கும். இதனைச் செய்து முடிக்கச் சிறு அமைப்பொன்றுக்கு ஒரு பிற்பகல் போதும். பல்லாண்டு உழைப்பில் சேர்த்த ஏடுகளை முகிலில் ஏற்றிவிட்டோம் என்று மகிழ்ந்திருப்போர், அதன் வேர் முகவரி யாருடையது என்ற ஒரு வினாவை இன்றே கேட்டுப் பார்ப்பது நன்று. விடையாக ஓர் ஆளின் பெயர் வருமாயின், அப்பிற்பகலை ஒத்திப்போடுதல் தகாது.